வீட்டு ஷெட்டில் பழைய காரைப் புதுப்பிக்க: குமரி மாவட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய காரைப் புதுப்பிக்க நினைக்கிற எல்லோரும் இன்ஜினில்தான் கை வைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு. நான் பார்த்தவரை நம்மூர் ஷெட்டுகளில் இன்ஜின் போய் நிற்கும் கார்கள் குறைவு. ஆர்.சி. (பதிவுச் சான்று) சிக்கலிலும் உப்புக்காற்றுத் துருவிலும் மாட்டி நிற்பவைதான் அதிகம். அதனால் காகிதம், தகடு, பிரேக், அதற்கப்புறம் இன்ஜின் என்ற வரிசையில் முக்கியத்துவம் கொடுங்கள்.

மாமனார் விட்டுப்போன 1986 பிரீமியர் பத்மினியை நாகர்கோவில் பக்கம் வீட்டிலேயே வேலை பார்த்து, மறுபதிவும் (காலாவதியான பதிவைப் புதுப்பிப்பது) வாங்கி இப்போது ஓட்டுகிறேன். போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்கு காலமும் பணமும் போனது. கேட்டுச் செய்திருந்தால் அதில் பெரும்பகுதி மிச்சம். அம்பாசடர், பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

1. ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள்

யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதிவரை செல்லும், அதிலுள்ள சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா. இந்த மூன்றும் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். சேசிஸ் நம்பர் பெரும்பாலும் இன்ஜின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ்ஷோ கிரைண்டரோ அந்த இடத்தின் பக்கமே போகக்கூடாது. ஓர் எழுத்து தேய்ந்தாலும் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் முன்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

உரிமையாளர் உள்ளூரில் உயிரோடு இருந்தால் வேலை சுலபம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர் வளைகுடாவில் இருந்தால் அடுத்த லீவுக்கு எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். 'கையெழுத்துதானே, நாங்களே போட்டுவிடலாம்' என்று சொல்லும் புரோக்கர்கள் உண்டு. ஆர்.சி. கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தால் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. கூடவே இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம். விதிப்படி இறந்த 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறையில் பத்து வருடம் கழித்துத்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் பதிந்தாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்துதான் வரும். அதில் பெயருள்ள மைத்துனர் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் இழுக்கும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். வாரிசுகளிடமிருந்து நீங்கள் விலைக்கு வாங்குவதாக இருந்தால், முதலில் அவர்களில் ஒருவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் 29, 30. இரண்டையும் ஒரே அடியில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

புத்தகமே தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் சான்று வாங்கி, படிவம் 26 கொடுத்து நகல் எடுக்க வேண்டும். புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால் படிவம் 35-ம், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வங்கிக் கடன் என்றால் கிடைத்துவிடும். 1980-களில் இருந்த ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்து, அது இழுத்து மூடப்பட்டிருந்தால் பெரிய தலைவலி. அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

களியக்காவிளை தாண்டி வரும் வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கேரளப் பதிவுள்ள கார் விலை குறைவாகத் தெரியும். அங்குள்ள அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது. ஷெட்டில் வேலை நடக்கிறது என்று சொன்னால் அந்தக் கெடு நீளாது.

இன்னொரு பொறி, ஏலத்தில் எடுத்த அரசு அம்பாசடர். 15 வருடம் கழிந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அது இரும்பு விலைக்கான வண்டி. ரோட்டில் ஓட்டுவதற்கானது இல்லை. தனியார் காருக்கு அந்தத் தடை கிடையாது. 15 வருடம் கழிந்தால் காரையே உடைக்க வேண்டும் என்று டீக்கடையில் சொல்வது டெல்லி வட்டாரத்துச் சட்டத்தைக் கேட்டுவிட்டுச் சொல்வது. நம்மிடம் ஆய்வில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

2. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒருமுறை வெறுங்கையோடு போய் வாருங்கள்

நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் டி.என். 74, மார்த்தாண்டம் டி.என். 75. உங்கள் முகவரி எதில் வருகிறதோ அங்கே ஆர்.சி. நகலோடு போய் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இந்த எண் கணினியில் இருக்கிறதா. டி.என். வரிசைக்கு முந்தைய பழைய எண்கள் பல இன்னும் 'வாகன்' என்ற அரசு இணையதளத்தில் ஏறாமல் இருக்கின்றன. ஏறாத வண்டிக்கு இணையத்தில் எந்த விண்ணப்பமும் போட முடியாது. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும்; அதை 'பேக்லாக்' என்பார்கள். பதிவேடு எடுக்க நாளாகும் என்பதால் இந்த விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இரண்டு, வரி. வாழ்நாள் வரி கட்டியதாகப் புத்தகத்தில் பதிவு இருக்கிறதா, இல்லையென்றால் பாக்கி எவ்வளவு, பசுமை வரி எவ்வளவு. மூன்று, தாமதக் கட்டணம். மறுபதிவு தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் என்று மத்திய விதியில் இருக்கிறது. காலாவதியாகிப் பத்து வருடம் ஆகியிருந்தால் அதுவே 60,000 ரூபாய். உங்கள் வண்டிக்கு எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு 20 வருடம் கழிந்த காருக்கு மறுபதிவுக் கட்டணமே 10,000 ரூபாய்; 15 முதல் 20 வருடம் வரை என்றால் 5,000.

இந்தத் தொகையையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, வண்டி விலையில் கழித்துப் பேரம் பேசுங்கள். சொந்தக்காரர் வண்டி என்றாலும் பேசுங்கள்.

3. துருவைக் குத்திப் பாருங்கள்

கையில் ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச். கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய பாய். பத்மினி போன்ற வண்டிக்குத் தனி சேசிஸ் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டி, ஜாக்கி வைக்கும் இடம், பின் லீஃப் ஸ்பிரிங் உடம்போடு மாட்டும் இடம், கால் மிதிக்குக் கீழுள்ள தளம் ஆகிய நான்கும் முக்கியம். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக அப்பியிருக்கிறது.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நின்ற வண்டியை, வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அடியில் பார்க்காமல் வாங்காதீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் நின்ற வண்டிகளுக்கு வேறு நோய். உப்பு இருக்காது. ஆனால் ஈரம், இலைச்சருகு, எலி. முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கும் வழி சருகால் அடைத்து, தளம் உள்பக்கமிருந்தே அரித்திருக்கும். ஒயரிங்கை எலி கடித்திருக்கும்.

புதிதாகப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும் பழைய காரைவிட, பெயின்ட் உரிந்து துரு தெரிய நிற்கும் கார் நல்லது. என்ன வாங்குகிறோம் என்றாவது கண்ணுக்குத் தெரியும்.

4. மாதம் பார்த்துத் தொடங்குங்கள்

நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. சுரண்டி வைத்த தகடு நம் ஈரக்காற்றில் ஒரே இரவில் சிவந்துவிடும். எனவே பெயின்ட் வேலை ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைக்குள் விழும்படி பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை காகித வேலை, பேக்லாக், உதிரிபாகத் தேடல். அக்டோபர், நவம்பரில் கூரைக்கடியில் பிரிப்பது, பிரேக், இன்ஜின் லேத் வேலை. மழை ஓய்ந்ததும் டிங்கரிங். பெயின்ட் முடிந்து பூட்டுவதற்குள் ஏப்ரல் வந்துவிடும். ஆக, சராசரியாக ஒரு வருடம். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் மேஸ்திரி முன்பணத்துக்காகச் சொல்கிறார்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்கள் காற்றுக் காலத்தில் திறந்த இடத்தில் பெயின்ட் பேச்சையே எடுக்க வேண்டாம். அங்கே அத்தனை காற்றாடி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

5. ஷெட்

பத்மினி நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், ஒன்றரை மீட்டருக்குள் அகலம். நாலு பக்கமும் ஒரு மீட்டராவது நடக்க இடம் வேண்டும். கழற்றிய கதவு, சீட், பம்பர் எல்லாம் வைக்கத் தனி இடம் வேண்டும். வண்டி நிற்கும் இடத்தைப்போல இன்னொரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தரை சிமென்ட் போட்டிருக்க வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும். வண்டியைத் தூக்கியபின் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்து நிறுத்தவே கூடாது. அழுத்தத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். மூன்று டன் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு ஜோடி வாங்குங்கள். முழுத் திட்டத்திலும் பேரம் பேசாமல் வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

கம்பிரசர் இரண்டு எச்.பி. வரை சிங்கிள் பேஸில் ஓடும். வெல்டிங் மெஷின் வாங்க வேண்டாம். மெஷினோடு வரும் ஆளை நாள் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் இடத்தில், வாசல் பக்கம் இருக்கட்டும். ஷெட்டின் கடைசி மூலையில் வைத்தால் தீப்பிடிக்கும்போது அதற்கும் உங்களுக்கும் நடுவில் கார் நிற்கும்.

6. பிரிக்கும்போது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் போட்டோ, கழற்றியபின் போட்டோ. போல்ட்டுகளைச் சிறு கவரில் போட்டு எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் மை எண்ணெய் பட்டால் அழியும். பென்சிலால் அட்டையில் எழுதி உள்ளே போடுங்கள். உடைந்த ரப்பர், நசுங்கிய கிளிப் எதையும் குப்பையில் போடாதீர்கள். கடைக்காரரிடம் மாதிரி காட்ட அதுதான் இருக்கும். 'அண்ணாச்சி, பத்மினி கதவு ரப்பர் வேணும்' என்று வெறும் வாயால் கேட்டால் மாருதி ரப்பர்தான் வரும்.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், கேஸ்கெட் இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம். நனைத்துத் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

பெட்ரோல் டாங்கில் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். காலியாகப் பல வருடம் கிடந்த டாங்கிலும் ஆவி இருக்கும். ஓட்டை இருந்தால் வேறு டாங்க் தேடுங்கள், அல்லது ரேடியேட்டர் கடையில் ஆவி நீக்கி அடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

7. டிங்கரிங்: பணமும் பொறுமையும் இங்கேதான் போகும்

பக்கவாட்டுப் பெட்டியை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்துத் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கம். இரண்டையும் சேர்த்து வெட்டினால் உடம்பு நடுவில் தொய்ந்து, எத்தனை தட்டினாலும் கதவு சேராது. 'நாங்க எத்தன வண்டி பாத்திருக்கோம்' என்று மேஸ்திரி சொன்னாலும் நீங்கள் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத் தகடு சி.ஆர். ஷீட்டாக இருக்கட்டும். தளத்துக்கு 20 கேஜ், பெட்டிக்கு 18 கேஜ் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டு அடித்தால் துத்தநாகப் புகை. ஆளுக்கும் ஆகாது, ஒட்டும் சரியாகப் பிடிக்காது. துருவின் மேலேயே புதுத் தகடு வைத்து மூடும் வேலை நம்மூரில் சாதாரணம். அது மலிவு, இரண்டு மழையில் மறுபடியும் வெடிக்கும். துரு உள்ள பகுதியை வெட்டியெடுத்து, நல்ல தகடு தெரிந்த இடத்தில் ஒட்டவேண்டும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் போகும்.

அன்று சுரண்டிய தகட்டுக்கு அன்றே எபாக்சி பிரைமர். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து வாரக்கணக்கில் விட்டுவைத்தால் ஈரத்தை அது உள்ளே விடும். பெட்டியின் உள்பக்கத்துக்கு, வேலையெல்லாம் முடிந்தபின், மெழுகு வகைத் துருத் தடுப்பானைச் சிறு குழாய் வழியே பீய்ச்ச வேண்டும். அடியில் கரி ஆயில் (கழித்த இன்ஜின் ஆயில்) அடிக்கும் பழக்கத்தை இந்தக் கட்டத்தில் மறந்துவிடுங்கள். கரி ஆயில் ஒரு சொட்டு இருந்தாலும் அங்கே பிரைமர் நிற்காது.

வாட்டர் பேப்பர் போடும் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. கடலோர போர்வெல் தண்ணீரில் உப்பு உண்டு. அதில் தேய்த்துக் காயவிட்டு மேலே பெயின்ட் அடித்தால் உப்பு உள்ளேயே தங்கி, சில மாதத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். பெயின்டர் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார். குடிதண்ணீரில் தேய்க்கச் சொல்லுங்கள். கடைசிக் கழுவலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். ரேடியேட்டருக்கும் இதே கதைதான். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள்.

8. பிரேக்

பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம். பல பழைய கார்களில் பிரேக் ஆயில் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போகும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். வாஷர் கிட் மட்டும் போட்டால் போதும் என்பார்கள். சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் புது வாஷரையும் அது தின்றுவிடும். ஆயில் டாட் 3 அல்லது 4. சிலிக்கோன் வகையான டாட் 5 அதோடு சேராது.

9. இன்ஜின்

நின்றுபோன இன்ஜினைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிளக்கைக் கழற்றி, துளை வழியே மெல்லிய எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கையால் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கம்பிரஷன் பாருங்கள். நாலு சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பிரிக்காமலே ஓட்டலாம். எண்ணெய், ஃபில்டர், பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் மாற்றினால் போதும். பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்களை நம்பாதீர்கள்.

பிரித்தால், பத்மினியின் அலுமினிய ஹெட்டை லேத்தில் சமம் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை சூடேறிய ஹெட் வளைந்திருக்கும். அம்பாசடரின் இரும்பு ஹெட்டுக்கு வேறு விஷயம். 2000-ஆம் ஆண்டு முதல் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. ஈயம் இல்லாமல் பழைய வால்வ் சீட் தேயும் என்பதால், கடினமாக்கிய எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போட்டுவிடுவது நல்லது. இரண்டு வண்டிக்கும் ஃபயரிங் வரிசை 1-3-4-2. பிளக் ஒயரை மாற்றிப் போட்டுவிட்டுக் கார்புரேட்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாவற்றையும் அது ஊறவைத்து இளக்கும். எத்தனால் தாங்கும் குழாய் கேட்டு வாங்குங்கள். டாங்க் துரு கரைந்து வரும் என்பதால் நடுவில் ஒரு கண்ணாடி ஃபில்டரும் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். நம்மூர் ஈரத்தை எத்தனால் இழுத்துக்கொள்ளும்.

இன்ஜினை மாற்றலாமா என்று கேட்பார்கள். டீசலோ வேறு கார் இன்ஜினோ போட வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அனுமதி இல்லாமல் போட்ட வண்டி மறுபதிவு ஆய்வில் அப்படியே நின்றுவிடும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய நிறத்திலேயே அடித்தால் ஓர் அலைச்சல் மிச்சம்.

10. ஒயரிங், சீட்

ஒயரிங்கை ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். சீட், கூரைத் துணி வேலையைக் கடைசியாக வையுங்கள். வெல்டிங் பொறி ஒன்று பட்டாலும் புது ரெக்சின் போச்சு.

11. பெயின்ட்

இதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பி.யூ. பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஆகாது. பிரைமர், பட்டி, தேய்ப்பு வரை வீட்டில் முடித்து, கடைசிக் கோட்டுக்கு பெயின்ட் பூத் உள்ள ஒர்க் ஷாப்புக்கு லாரியில் ஏற்றி அனுப்புங்கள். கதவு, பானட், டிக்கி தனித்தனியாகக் கழற்றி அடிக்கச் சொல்லுங்கள். சேசிஸ் நம்பர் மேல் பட்டியோ கனமான பெயின்ட்டோ வராதபடி டேப் ஒட்டி, நீங்களே நின்று பாருங்கள்.

12. உதிரிபாகம்

சர்வீஸ் கிட், பேரிங், ஹோஸ் போன்றவை நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். உள்ளூர் ஆக்கர் (பழைய இரும்பு) கடைகளிலும் ஒரு கண் இருக்கட்டும். கதவுக் கைப்பிடி, கிரில் அங்கே எடைக்குக் கிடைக்கும். பழைய உடம்புப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. பத்மினிக்கு மும்பையிலும் தேடலாம். அங்கே டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிகள் 2023 அக்டோபரில்தான் நின்றன. போன் பேசிப் பணம் அனுப்புவதானால் பாகத்தை அன்றைய செய்தித்தாள் பக்கத்தில் வைத்து போட்டோ கேளுங்கள். எனக்கு ஒரு கடையிலிருந்து வந்த 'புது' மாஸ்டர் சிலிண்டர், பழையதைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தது.

13. செலவு

என் வண்டிக்கு ஆனதையும், கூடவே வேலை பார்த்த சிலர் சொன்னதையும் வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். டிங்கரிங்குக்கு 60,000 முதல் ஒரு லட்சம். பெயின்ட்டுக்கு 70,000-க்குக் குறையாது. இன்ஜின் பிரித்தால் 50,000 பக்கம். பிரேக், சஸ்பென்ஷன் இரண்டுக்கும் 35,000. ஒயரிங், பேட்டரி, டயர் சேர்த்து 40,000. சீட், ரப்பர், கண்ணாடி பீடிங் 30,000. காகிதச் செலவு தனி. மூன்று லட்சத்துக்குள் முடிந்தால் நீங்கள் கெட்டிக்காரர். விற்றால் இந்தப் பணம் திரும்பாது. லாபக் கணக்கோடு இறங்குபவர்கள் வேறு தொழில் பார்ப்பது உத்தமம்.

மேஸ்திரிக்கு மொத்தமாகப் பேசிப் பாதியை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். இடது பக்கப் பெட்டி, வலது பக்கப் பெட்டி, தளம் என்று பிரித்து, முடிந்ததற்கு மட்டும் கொடுங்கள்.

14. இன்சூரன்ஸ், புகைச் சான்று, மறுபதிவு

இன்சூரன்ஸ் இல்லாமல் சும்மா சுற்றிப் பார்க்கக்கூட ரோட்டில் இறக்காதீர்கள். முதல்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட, யார் மீதாவது இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் 2022 முதல், 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. மாருதி 800 முதல் வகை. பத்மினி 1089 சி.சி., பழைய அம்பாசடர் 1489 சி.சி. என்பதால் இரண்டும் நடுவில். 1800 இசுசு இன்ஜின் அம்பாசடர் மூன்றாவது. பழைய எண்ணை இணையதளங்கள் ஏற்காமல் போனால் பொதுத்துறைக் கம்பெனிக் கிளைக்கு ஆர்.சி. நகலோடு நேரில் போங்கள்.

புகைச் சான்றுக்கு, பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். ஐடில் திருகைச் சரியாக வைத்தால் கார்புரேட்டர் வண்டி தாராளமாகத் தேறும். மையத்தில் 0.5 சதவீத வரம்பை வைத்துத் தேறவில்லை என்று சொன்னால் தயாரிப்பு வருடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மறுபதிவுக்கு அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25. எடுத்துப்போக வேண்டியவை:
- அசல் ஆர்.சி.
- செல்லும் இன்சூரன்ஸ், புகைச் சான்று
- சேசிஸ், இன்ஜின் நம்பர் பென்சில் பிரதி (நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்தது)
- முகவரிச் சான்று, பான் அட்டை
- வரி, கட்டண ரசீதுகள்

பெயர் மாற்றம் முடிந்து புது ஆர்.சி. கையில் வந்த பிறகே இதைக் கொடுங்கள். ஆய்வில் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், டயர், நம்பர் பிளேட் எல்லாம் பார்ப்பார்கள். பழைய கார் தேறாமல் திரும்புவது பெரும்பாலும் வைப்பர், ரிவர்ஸ் விளக்கு போன்ற சில்லறைகளில்தான். காலையில் ஷெட்டை விட்டு எடுக்கும்போதே ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தமுறை காலாவதியாக 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தேதியைச் செல்போனில் போட்டு வையுங்கள்.

15. வின்டேஜ் பதிவு வேண்டுமா?

முதல் பதிவிலிருந்து 50 வருடம் கழிந்த வண்டிக்கு 2021 முதல் தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். சேசிஸ், உடம்பு, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அந்த நம்பரோடு வடசேரிச் சந்தைக்குப் போய் காய்கறி வாங்கி வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திற்பரப்பு போக வேண்டும் என்பவர்களுக்குச் சாதாரண மறுபதிவே சரி.

16. முதல் 500 கிலோமீட்டர்

இன்ஜின் பிரித்திருந்தால் வேகத்தை அடக்கி ஓட்டுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டைத் திரும்ப முறுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் நாகர்கோவிலைச் சுற்றியே ஓட்டுங்கள். கோதையாறு மலைப்பாதையை மூன்றாம் மாதம் பார்க்கலாம். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்று இரவே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்து, அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.